சரக்கு வண்டியின் பின் பிரேக்கை டிஸ்க்காக மாற்றலாமா?

மண்டியிலிருந்து கடைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் டின் ஏற்றிவரச் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருப்போர் நம்மில் ஏராளம். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு இது இன்னும் பெருகிற்று. இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும், பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கும் இருக்கும். "பின்னாலும் டிஸ்க் போட்டால் சொன்ன இடத்தில் நிற்கும்" என்று கூறி மாற்றித்தர முன்வருவோர் உண்டு. பணம் கொடுக்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உட்சுவரை அழுத்துகின்றன. டிரம் சுழலும் வேகமே ஒரு ஷூவை மேலும் உள்ளிழுத்து இறுக்கிவிடும். எனவே குறைந்த அழுத்தமே போதும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. இருபுறமும் பேட்கள் வந்து தகட்டைக் கவ்வ, அழுத்தம் அதிகம் வேண்டும். ஆனால் தகடு திறந்த வெளியில் இருப்பதால் சூடு விரைவில் ஆறும். நனைந்தாலும் சீக்கிரம் உலரும். டிஸ்க்கின் பெருமை இதுதான்.

அப்படியானால் மாற்றுவதில் என்ன கஷ்டம்? பிரேக் என்பது ஒரு சாமான் அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம்.

1. டிஸ்க்கின் பிஸ்டன் பெரியது. ஆயிலும் அதிகம் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்குப் போதாவிட்டால் பெடல் தரைவரை போகும்.

2. கை பிரேக் கம்பி பின் டிரம்மின் ஷூவைத்தான் இழுக்கிறது. டிரம்மை எடுத்துவிட்டால் கை பிரேக்குக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மேட்டில் லோடுடன் நிறுத்திய வண்டி உருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது பின்சக்கரம் லேசாக இருக்கும். அப்போது பின் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். பின் பிரேக்கின் அளவைத் தயாரிப்பாளர் கணக்குப் பார்த்தே வைத்திருக்கிறார்.

4. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி எழுப்பவும் இடமாகும்.

ஆகவே இருக்கிற டிரம்மைச் சீராக வைப்பதே சிக்கனம், பத்திரமும் கூட. லைனிங் தேய்மானத்தைக் குறித்த காலத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் ஆயில் பட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; அந்த லைனிங்கைக் கழுவிப் போடாமல் இருபக்கமும் புதிதாக மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கொல்லிமலை போன்ற 70 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். காலைப் பெடலிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும்.

அனைத்துக்கும் மேலாக, அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். பாரம் ஒன்றரை மடங்கானால் நிறுத்தும் வேலையும் ஒன்றரை மடங்கு. வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்கு. இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றி மிச்சப்படுத்தும் வாடகை, வண்டி ஓட்டும் பையனின் உயிருக்கும் எதிரில் வருவோர் உயிருக்கும் ஈடாகுமா? கணக்குத் தெரிந்த நாம் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போமாக.