மூன்று இரவுகளின் முழக்கம்

உரத்த இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பெற்றோர் பலர் உளர். அவர்தம் பிள்ளைகளோ அதனையே காதிற் செருகிக்கொண்டு பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருங்கமர்ந்து ஒருமுறையேனும் கேட்டற்குரிய இசைத்தட்டு ஒன்றுண்டு. இங்கிலாந்தின் டீப் பேர்ப்பிள் குழுவினர் 1972இல் யப்பானில் நிகழ்த்திய கச்சேரிகளிலிருந்து தொகுக்கப்பெற்ற 'மேட் இன் யப்பான்' என்பதே அது. 'ஹெவி மெற்றல்' என வழங்கும் வன்னிசைக்கு வழி திறந்த குழுக்களுள் இதுவும் ஒன்று. அத்துறையில் மேடையிற் பதிவான தட்டுகளுள் இதற்கு நிகரானதொன்றை நாம் கேட்டதில்லை.

வியப்பு யாதெனில், இத்தட்டை ஆக்கும் ஆவல் அக்குழுவினருக்கே இருக்கவில்லை. மேடையில் நிகழ்வது மேடையோடு போகவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். யப்பானிய இசைத்தட்டு நிறுவனத்தாரே வற்புறுத்தினர். குழுவினரும் நிபந்தனைகள் விதித்தே இசைந்தனர். தம்முடைய ஒலிப்பதிவாளர் மாட்டின் பேர்ச்சே பதிவு செய்தல் வேண்டும். பதிவு தமக்குப் பிடித்தாலன்றி வெளிவரலாகாது என்பன அவை. யப்பானில் மாத்திரம் விற்பதாகவே அப்போது பேச்சு. மலிவான பண்டங்களின் அடியிற் பொறிக்கப்படும் சொற்றொடரையே தலைப்பாக இட்டதிலும் ஒரு குறும்பு இருக்கின்றது.

ஓகஸ்ட் 15, 16ஆம் திகதிகளில் ஒசாகா நகரிலும், 17ஆம் திகதி டோக்கியோவின் புடோக்கான் அரங்கிலும் கச்சேரிகள் நடைபெற்றன. எட்டுத் தடங்கள் கொண்ட நாடாவில் மூன்று இரவுகளும் பதிவாயின. அவற்றினின்றும் ஏழு உருப்படிகளைத் தேர்ந்து இரண்டு தட்டுகளில் அடக்கினர். பதிவைச் செம்மை செய்து கலக்கும் வேலையில் அக்கறை காட்டியவர்கள் தாழ்சுரக் கிற்றார் வாசித்த றொஜர் குளோவரும், முரசு முழக்கிய இயன் பெய்சும் மாத்திரமே. பாடகர் இயன் கிலன் அக்காலத்திற் சுவாசக்குழாய் அழற்சியால் வருந்தியிருந்தார். தம் குரல் அவருக்கே நிறைவளிக்கவில்லை. கேட்கும் நமக்கோ அக்குரலில் எக்குறையும் தோன்றுவதில்லை.

இத்தட்டின் சிறப்பை அறிய 'சைல்ட் இன் ரைம்' என்னும் உருப்படியைக் கேட்டல் வேண்டும். ஜோன் லோர்ட் ஓர்கனில் மெல்லத் தொடங்குகிறார். மேனாட்டுச் சாஸ்திரிய இசையை முறையாகப் பயின்ற அவர், 1969இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் முழு வாத்தியக் குழுவொன்றோடு தம் குழுவையும் சேர்த்து வாசிக்கத் தாமே ஓர் இசையாக்கம் எழுதியவர். தேவாலயத்திற்கேற்ற அக்கருவியைக் கிற்றாருக்குரிய ஒலிபெருக்கியோடு இணைத்து, அது உறுமும்படி செய்தவரும் அவரே. மெல்லிய ஓசை சிறிது சிறிதாக ஏறுகின்றது. கிலனின் குரல் சொற்களைக் கைவிட்டு வெறும் ஓலமாக உயர்கின்றது. இதற்குமேல் ஏற இடமில்லை என நாம் எண்ணுமிடத்தில் இன்னும் ஒரு படி ஏறுகின்றது. அக்கணத்தில் குரல் பிசகியிருந்தால் பிசகியபடியே உலகெங்கும் போயிருக்கும். அந்த அபாயம் கேட்பவருக்கும் தெரிகின்றது. ஆதலின் நாமும் மூச்சடக்கியே கேட்கின்றோம்.

'ஸ்ரேஞ் கைண்ட் ஒவ் வுமன்' என்ற உருப்படியில் றிச்சி பிளக்மோர் கிற்றாரில் ஒரு சிறு தொடரை வாசிக்க, கிலன் அதனையே குரலாற் பாடிக் காட்டுகிறார். வினாவும் விடையுமாய்ப் போட்டி முற்றி ஈற்றில் எது நரம்பு, எது கண்டம் எனப் பிரித்தறிவதே அரிதாகின்றது. பாடகரின் கற்பனைச் சுரங்களை வயலின்காரர் வாங்கித் திருப்பித் தருவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது புதிதன்று, வேகந்தான் வேறு.

பலரும் அறிந்த 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' இரண்டாம் பக்கத்தில் வருகின்றது. 1971 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் மொன்ரே நகரில், பிராங் சப்பாவின் கச்சேரி நடைபெறுகையில் சூதாட்ட மண்டபம் எரிந்து, புகை ஏரியின்மேற் படர்ந்ததைக் கண்டு பிறந்த பாட்டு அது. ஒவ்வொரு கருவியும் மற்றெல்லாக் கருவிகளையும் விட உரத்துக் கேட்கவேண்டும் என்று மேடையில் வேடிக்கையாகக் கேட்கப்படுவதும் தட்டிற் பதிவாகியுள்ளது. தருக்கம் கற்பிப்போர் இதனை ஒப்பார். இசை கேட்போர் ஒப்புவர்.

குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நான்காம் பக்கம் முழுவதையும், ஏறத்தாழ இருபது நிமிடம், 'ஸ்பேஸ் றக்கின்' என்ற ஒரே உருப்படி பிடித்துக்கொள்கின்றது. கலையகப் பதிவில் அது ஐந்து நிமிடத்திற்கும் குறைவு. நடுவே வரும் ஓசை விளையாட்டுகளிற் சில, நேரில் பார்த்தோருக்கே சுவைத்திருக்கும். 'த மியூல்' உருப்படியில் பெய்சின் தனிமுரசும் அனைவருக்கும் ஏற்றதன்று. மிருதங்கத் தனியாவர்த்தனத்தின்போது வெளியே சென்று தேநீர் அருந்துவோர் இதற்கும் எழுந்து செல்வர்.

ஆயினும் பதிவின் நேர்மையை நாம் பெரிதாக மதிக்கின்றோம். மேடைப் பதிவு என்று விற்கப்படும் தட்டுகளிற் பல பின்னர்க் கலையகத்தில் திருத்தப்பட்டவை. ஜூடாஸ் பிறீஸ்ற் குழுவினர் 1979இல் அதே டோக்கியோ நகரிற் பதிவு செய்து வெளியிட்ட தட்டிற்கூடக் குரற்பகுதி பின்னர்க் கலையகத்திற் பாடப்பெற்றதே. அத்தட்டும் நல்ல தட்டுத்தான். எனினும் திருத்திய கட்டுரைக்கும், பரீட்சை மண்டபத்தில் மணி அடிக்குமுன் எழுதி முடித்த விடைக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1972 டிசம்பரில் இத்தட்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் பெரும் வரவேற்புப் பெற்றது. அதற்குள் குழுவினரிடையே ஒற்றுமை குலைந்திருந்தது. ஓய்வற்ற பயணமும் கிலன், பிளக்மோர் இருவரிடையே மூண்ட பிணக்கும் காரணமாயின. தட்டு கடைக்கு வந்த அதே டிசம்பரில் கிலன் தம் விலகற் கடிதத்தை எழுதிவிட்டார். மேடையில் ஒருவர் ஒலியை மற்றவர் பற்றிக்கொள்ளும் அந்த நெருக்கம், மேடைக்கு வெளியே சில மாதங்கூட நிலைக்கவில்லை. 1984இல் ஐவரும் மீண்டும் ஒன்றுகூடினர் எனினும், இத்தட்டை ஆக்கிய காலத்துக் கூட்டு 1973 யூன் 29ஆம் திகதியோடு முடிவுற்றது. கிலனும் குளோவரும் அன்று இறுதியாக வாசித்து விடைபெற்ற நகரம் ஒசாகா.