35 சதவிகிதத்தில் நின்ற ரயில்!

உலகத்திலேயே ரொம்ப நீளமான நேரம் எது தெரியுமா? பிரசவ வார்டு வாசலில் நிற்கிற நேரம் என்பார்கள் சிலர். பெண் பார்த்துவிட்டு, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்' என்று கிளம்பியவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை சார்! கம்ப்யூட்டர் திரையில் 35 சதவிகிதத்துக்கும் 36 சதவிகிதத்துக்கும் நடுவே இருக்கிறதே, அதுதான்!

நான் ஒரு பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது என் தொழில். எழுத்து சோறு போடாத மாதங்களுக்காக, இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கும் எழுதுகிறேன். அதில் ஒன்று எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியுடையது. மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கட்டுகிறவர். 20-ம் தேதி கடைசி நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவிகித வட்டி. பணம் கிடக்கட்டும்; "நாப்பது வருஷ யாவாரத்துல ஒரு நாள் அபராதம் கட்டினது கிடையாது தம்பி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவர் அவர்.

அப்பேர்ப்பட்டவரின் கணக்கு முழுவதும் என் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது.

போன மாதம் 20-ம் தேதி. சாயங்காலம் ஆறு மணி. கணக்கெல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. தொகைகளை எடுத்து ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. மெஷின் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே, ஒரு தடவை அணைத்துப் போடுவோம் என்று எனக்கு ஒரு ஞானோதயம். விண்டோஸ் அப்டேட்டை ஐந்து வாரமாக 'அப்புறம், அப்புறம்' என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான். அன்றைக்குப் பார்த்து என் விரல் 'அப்டேட் செய்து ரீஸ்டார்ட்' என்ற வரியில் போய் விழுந்தது.

10... 20... 35. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

ஏழு மணி. 35. எட்டு மணி. 35! எழும்பூரில் இறங்க வேண்டியவனை அவுட்டரில் போட்டு வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"என்னங்க, அந்த வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கே, கண்ணை வலிக்காதா அதுக்கு?" என்றாள் மனைவி. கிண்டலா, அனுதாபமா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன் அடித்தது. அண்ணாச்சி! "தம்பி, ஆச்சா?"

"ஆச்சு அண்ணாச்சி, கடைசிக் கட்டம்!" என்றேன். யாருக்குக் கடைசிக் கட்டம் என்று சொல்லவில்லை.

எட்டரைக்குப் பொறுமை போய்விட்டது. மேஜைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

"அங்கிள், கையை எடுங்க!" என்று ஒரு குரல். பக்கத்து போர்ஷன் கல்லூரிப் பையன். (முப்பத்தாறு வயதில் அங்கிள்! அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும்.)

"அந்தப் பெட்டியில சின்னதா ஒரு விளக்கு மினுக்குது பாருங்க. டிஸ்க் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஓடற பஸ்ல டயர் மாத்த முடியுமா? விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது தன்னோட சொந்த ஃபைலையே மாத்திக்க முடியாது. அதான் ஷெட்டுல நிறுத்தி மாத்துது. இப்பப் போய் ஜாக்கியை உருவினீங்கன்னா..?"

உருவினால் என்ன ஆகும் என்று புரிந்தது. விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். அண்ணாச்சியின் கணக்கும் அதோடு உள்ளேயே படுத்துவிடும். 'ஙே' என்று விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சதவிகிதத்தை நம்பக்கூடாதாம். அது மைல்கல் இல்லை. வேலையில் எத்தனை படி தாண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு குத்துமதிப்பு. ஒரு படி ஒரு நிமிஷத்தில் முடியும், அடுத்த படி ஒரு மணி நேரம் இழுக்கும். பழைய காலத்து சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் மோசம். மூன்று நாலு மணி நேரம் ஆகி, அந்த விளக்கும் சுத்தமாக அடங்கிவிட்டால்தான், பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்பது நாற்பதுக்குத் திரை கறுத்தது. என் முகமும்தான். பிறகு, மாற்றங்களை ரத்து செய்வதாக ஒரு அறிவிப்பு. அதாவது, 'என்னால் முடியவில்லை, பழையபடியே விட்டுவிடுகிறேன்' என்று விண்டோஸ் கைகழுவிவிட்டது. தோல்வியைக் கண்டு நான் துள்ளிக் குதித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உயிர் வந்த கம்ப்யூட்டரில் அண்ணாச்சியின் கணக்கு அப்படியே இருந்தது!

பதினொரு மணிக்கு ஓ.டி.பி. கேட்டு போன் செய்தேன். ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிற அண்ணாச்சி, முதல் மணியிலேயே எடுத்தார். பதினொன்று பத்துக்கு ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. அவருடைய நாற்பது வருஷப் பெருமை ஐம்பது நிமிஷத்தில் தப்பியது.

மறுநாள் போஸ்ட்மார்ட்டம்

குற்றவாளி யார் என்று பையனும் நானும் தேடினோம். வெளியாள் யாரும் இல்லை. ஐயாதான்!

'சி' டிரைவில் மிச்சம் இருந்த இடம் இரண்டே ஜி.பி. மச்சினன் கல்யாண வீடியோ முழுவதையும் அதில்தான் போட்டு வைத்திருந்தேன். புதுச் சாமான் வந்து இறங்கும்போது பழைய சாமானையும் விண்டோஸ் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருக்கும். முதல் நாள் ராத்திரி என்னைக் காப்பாற்றியதே அந்தப் பழக்கம்தான். அதற்கு இடம் வேண்டாமா? பெரிய அப்டேட் என்றால் இருபது ஜி.பி.யாவது காலியாக இருப்பது நல்லது.

உங்கள் வீட்டிலும் அப்டேட் மக்கர் பண்ணினால், பையன் சொல்லிக் கொடுத்த வரிசை இதுதான்:

முதலில் இடம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். அங்கே தற்காலிக ஃபைல்களைக் காட்டும். தேவையில்லாததைப் பார்த்து அழியுங்கள். 'டவுன்லோட்ஸ்' என்றிருப்பதை மட்டும் யோசித்து டிக் செய்யுங்கள். மாமனார் அனுப்பிய ஜாதகம் அதில் இருக்கலாம்!

இரண்டாவது, தேதியும் மணியும். போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. அப்டேட்டும் இறங்காது.

மூன்றாவது, பென் டிரைவ், பிரின்டர் என்று தொங்குகிற தோரணங்களையெல்லாம் கழற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'ட்ரபுள்ஷூட்' என்ற பகுதியில் விண்டோஸ் அப்டேட்டுக்கென்றே ஒரு வைத்தியர் இருக்கிறார். அவரைக் கூப்பிடுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? இறங்கிய அப்டேட் அரைகுறையாகக் கெட்டுப்போயிருக்கலாம். 'சர்வீசஸ்' ஜன்னலைத் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்கிரவுண்ட் இன்டலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டையும் நிறுத்துங்கள். 'சி' டிரைவில் விண்டோஸ், அதற்குள் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட். அந்தக் கடைசி அறையில் இருப்பதை மட்டும் காலி செய்துவிட்டு இரண்டையும் மறுபடி ஓடவிடுங்கள். புளித்த மாவைக் கொட்டிவிட்டுப் புது மாவு அரைக்கிற மாதிரி, முதலிலிருந்து இறக்கிக்கொள்ளும். எனக்கு வேலை செய்தது இடத்தைக் காலி செய்ததும், இதுவும்தான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் அப்டேட் வழியில் நிற்கவில்லை, அந்த ரயிலையே நிறுத்திவிட்டார்கள்!

அசலும் வட்டியும்

"இத்தனை பேஜார் எதற்கு? அப்டேட்டே வேண்டாமே!" என்று கேட்டேன்.

பையன் 2017-ஐ ஞாபகப்படுத்தினான். விண்டோஸில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்து, அந்த வருஷம் மார்ச் 14-ம் தேதியே மைக்ரோசாஃப்ட் அதை அடைக்க அப்டேட் கொடுத்துவிட்டது. 'அப்புறம், அப்புறம்' என்று உலகம் தள்ளிப்போட்டது. மே 12-ம் தேதி அதே ஓட்டை வழியாக 'வான்னக்ரை' புகுந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது சார், குடிக்கத்தான் ஆளில்லை!

பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. தள்ளிப்போட்ட அப்டேட் என்பது கடன். அசலோடு நிற்காது, வட்டி ஏறும். எந்த நாளில் வசூலுக்கு வரும் என்பதும் நம் கையில் இல்லை.

2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்தான் மைக்ரோசாஃப்டின் வழக்கமான அப்டேட் நாள். நமக்கு அன்றைக்கு ராத்திரி வந்து சேரும். 8-ம் தேதிக்கும் 14-க்கும் நடுவில் அது எப்படியும் விழுந்துவிடும். 20-ம் தேதிக்குக் குறைந்தது ஆறு நாள் இருக்கிறது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் அப்டேட்டை ஓடவிட்டால் தீர்ந்தது விஷயம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். அப்டேட்டும் எப்போதும் பரமசாது இல்லை. 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் ஒன்று சிலருடைய ஃபைல்களையே விழுங்கியதால், சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அண்ணாச்சியிடம் போய் நின்றேன். நடந்ததையும் நான் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன். கடலைப் பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி, அந்தப் பெட்டி எந்திரிக்காமலே போயிருந்தா?"

"கணக்கு மொத்தமும் போயிருக்கும் அண்ணாச்சி" என்றேன் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் கல்லாவுக்குக் கீழே கையை விட்டார். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். வரவு, செலவு, வரி, அத்தனையும் தேதிவாரியாக, குண்டு குண்டான எழுத்தில்!

"நீங்க அதுல ஏத்த ஏத்த, நான் இதுல எழுதிக்கிட்டுதாம்லா இருக்கேன். ஒரே மூட்டையில அம்புட்டையும் கட்டி வச்சா, எலிக்கு வசதியாப் போயிரும்லா?"

ஒன்பதாவது வரை படித்தவர் அவர். நான்தான் பி.காம்.!

அன்று சாயங்காலமே ஒரு வெளி டிஸ்க் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்துவிட்டு, பயபக்தியோடு அப்டேட்டை ஓடவிட்டேன்.

35... 36... 37!

"எழும்பூர் வந்தாச்சு!" என்று கத்தினேன். "வந்தாச்சுன்னா இறங்கி, போய் வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்று பதில் வந்தது சமையலறையிலிருந்து.