சொல்லுக்கு விலை: சிறு வணிகரும் இணைய விளம்பரமும்

சிரம்பானைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு விளம்பரம் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு எவர் வீட்டில் முறுக்குப் பிழிகிறார்கள் என்பதை லயத்து வாசலில் ஒருவர் சொன்னால், மாலைக்குள் தோட்டமே அறிந்துவிடும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் நகரெங்கும் பிரிந்து சென்றபின், அச்செய்தியைச் சுமக்கும் பணி இணையத்திடம் வந்துள்ளது. லயத்து வாசல் கூலி கேட்டதில்லை, இணையம் கேட்கிறது. அக்கூலியைக் குறைப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். மொழியியலாளர்க்கு வணிகத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். இணையத்தில் விலைக்கு விற்கப்படுவது சொல் என்பதால் பேசத் துணிந்தேன்.

நாளிதழ் விளம்பரத்தின் விலை, அது கொள்ளும் இடத்தைப் பொறுத்தது. 1998இல் அமெரிக்காவின் கோடூ என்னும் தேடுதளம் வேறொரு முறையைக் கொணர்ந்தது. தேடுவோர் தட்டச்சு செய்யும் சொற்களை அது ஏலத்தில் விட்டது. விளம்பரம் சொடுக்கப்பட்டால் மட்டுமே வணிகர் பணம் செலுத்தினர். 2000இல் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002இல் இம்முறையை ஒரு திருத்தத்துடன் ஏற்றது. கூறிய விலையோடு, அவ்விளம்பரம் சொடுக்கப்படும் வாய்ப்பையும் அது கணக்கிட்டது. ஆகவே, தேடலுக்குப் பொருத்தமான விளம்பரம் குறைந்த விலை கூறியும் மேலிடம் பெறலாம். முதல் குறைந்த வணிகர்க்கு இத்திருத்தமே துணை.

என் பழைய மாணவி ஒருவர் வீட்டில் முறுக்குச் செய்து இணையவழி விற்கிறார். முதன்முறை, 'முறுக்கு' என்னும் ஒரே சொல்லுக்கு விளம்பரம் வைத்து 100 ரிங்கிட் செலவிட்டார். சொடுக்கு ஒன்றுக்கு 50 சென், 200 பேர் வந்தனர், இருவரே வாங்கினர். ஒரு டின்னில் அவர்க்கு ஆதாயம் 8 ரிங்கிட். ஒருவரை வாங்கச் செய்ய ஆன செலவோ 50 ரிங்கிட். விளம்பரத் தளமே தரும் தேடற்சொல் அறிக்கையை இருவரும் பார்த்தோம். வந்தவருள் பலர் செய்முறை தேடியவர். சிலர் முறுக்கு அச்சுத் தேடியவர். மற்றும் பலர் தொலைவிலுள்ள மாநிலத்தார்.

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. ஒரு பொருளுக்குப் பல சொல் வருதல், பல பொருளுக்கு ஒரு சொல் வருதல் எனத் திரிசொல்லை நம் இலக்கண நூலார் இருவகைப்படுத்தினர். விளம்பரக் கூலியும் இவ்விரு வழிகளைப் பொறுத்தே கூடும், குறையும்.

முதலில், ஒரு சொல் பல நோக்கங்களுக்குப் பயன்படுதல். 'முறுக்கு' எனத் தேடுவோர் உண்ணவும் விரும்பலாம், செய்யவும் விரும்பலாம். எனவே 'சிரம்பான் முறுக்கு', 'தீபாவளி முறுக்கு டின்' என அடைகொடுத்துச் சொல்லைச் சுருக்குதல் வேண்டும். 'செய்முறை', 'அச்சு' முதலியவற்றை விலக்குச் சொற்களாகப் பதிந்தால், அச்சொற்களோடு தேடுவோர்க்கு விளம்பரம் தோன்றாது. விளம்பரம் தோன்றும் நில எல்லையையும் பொருளைக் கொண்டுசேர்க்கக்கூடிய தொலைவிற்குள் அமைத்தல் நலம்.

அடுத்து, ஒரு பொருளுக்குப் பல வடிவம் வழங்குதல். 2018 முதல் கூகுளின் விளம்பரச் சேவை தமிழையும் ஏற்கிறது. ஆயினும் நம்மவருள் பலர் உரோமன் எழுத்தில் தேடுகின்றனர். சிலர் ககரத்தை இரட்டித்தும், சிலர் ஒற்றையாகவும் எழுதுகின்றனர். முதலெழுத்தின் உகரத்தை அகரமாக்குவோரும் உளர். தமிழில் எழுதுவோருள்ளும் இடையின ரகரமிட்டு 'முருக்கு' என்போர் உண்டு. அது ஒரு மரத்தின் பெயர். தேடுபொறி பல பிழைகளைத் தானே உணரும். எல்லா வடிவங்களையும் அறியும் என நம்பியிருத்தல் ஆகாது. தேர்வுத்தாளில் நாம் திருத்தும் பிழையை வணிகர் தம் பட்டியலில் சேர்க்க வேண்டும். விளம்பர வாசகம் மட்டும் பிழையின்றி இருக்கட்டும்.

இவற்றைச் செய்தபின், அம்மாணவி 30 ரிங்கிட் மட்டும் செலவிட்டார். 60 பேர் வந்தனர். அறுவர் ஆளுக்கு ஒரு டின் வாங்கினர். ஒருவர்க்கான செலவு 5 ரிங்கிட். எஞ்சியது 3 ரிங்கிட். சிறு தொகைதான், எனினும் அந்த அறுவரும் மறுமுறை புலனத்தில் நேரே கேட்டால் சொடுக்குக் கூலி இல்லை.

எவரும் முதலில் போட வேண்டிய கணக்கு எளியது. ஒரு விற்பனையின் ஆதாயத்தைச் சொடுக்கின் விலையால் வகுக்க வேண்டும். 8 ரிங்கிட்டை 50 சென்னால் வகுத்தால் 16. பதினாறு சொடுக்குக்கு ஒருவரேனும் வாங்காத சொல் இழப்புத் தரும்; அதனை நீக்கிவிடலாம். செலவிடும் முன்பே, கூகுள் வரைபடத்தில் கடை விவரத்தை இலவசமாகப் பதிந்துகொள்ளவும் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். ஒரு பொருளைத் தம் வீட்டார் எத்தனை சொற்களால், எத்தனை எழுத்து வடிவங்களில் தேடுகின்றனர் என மாணவர் கேட்டுத் தொகுக்கட்டும். பாட்டி சொல்லும் சொல்லும் பேத்தி தட்டும் சொல்லும் அதில் அருகருகே நிற்கும். மொழியாய்வுக்கு அது நல்ல தரவு. அண்டை வீட்டில் முறுக்குப் பிழியும் அம்மையார்க்கு அடுத்த தீபாவளிக்கான முதலும் அதுவே.