புதிய பிரேக் பேட்டைப் பழக்குவது எப்படி?

கடையிலிருந்து வாங்கி வந்த புதிய இரும்புத் தோசைக்கல்லில் அன்றைக்கே மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்பது தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். மாவு கல்லோடு ஒட்டிக் கொள்ளும். தோசை பிய்ந்து வரும். ஆகையால் கல்லைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, காய வைத்து, ஆற வைத்து, மறுபடியும் எண்ணெய் தடவிக் காய வைப்பார்கள். இப்படிச் சில நாள் பழக்கிய பிறகு கல்லின் மேல் மெல்லிய கரும்படலம் ஒன்று படிகிறது. அதன் பிறகுதான் அந்தக் கல் நல்ல தோசை தரும்.

மோட்டார் வாகனத்தின் பிரேக்கும் அப்படித்தான். புதிய பிரேக் பேட்டை வாங்கி மாட்டுவது பாதி வேலை. அதைப் பழக்குவது மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவர் ஒருவர் இப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ கார் ஒன்றை வாங்கினார். 1998-ஆம் ஆண்டு முதல் 2005-ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. 1.8 லிட்டர் இயந்திரமும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் கொண்டது. இன்றும் இளைஞர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வேகமான காருக்கு வலுவான பிரேக் வேண்டும் என்று எண்ணியது அவருடைய நல்ல புத்தி. ஆனால் பந்தயக் கார்களுக்கென்று செய்த பேட்டுகளை வாங்கி, சனிக்கிழமை மாலை தம்பியும் அவருமாக வீட்டு வாசலிலேயே மாட்டி விட்டார்கள். மறுநாள் காலை மழைத் தூறலில் தாயாரைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக் கோயிலுக்குப் புறப்பட்டார். தோட்டத்துச் சாலை பெரிய சாலையோடு சேரும் முச்சந்தியில் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. வேகம் சற்றே குறைந்ததோடு சரி. சாலையின் பாதி வரைக்கும் போய்விட்டது. செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்காரர் ஒதுக்கி ஓட்டியதால் உயிர் தப்பினார்கள்.

“இனிமே இவன் காடியில நான் ஏற மாட்டேன், வாத்தியாரே” என்று அந்தத் தாயார் நம்மிடம் வந்து சொன்னார். மகனோ, “பந்தயக் காடிக்குப் போடுற பேட்டுன்னுதான் சார் கடையில சொன்னாங்க. விலையும் மூணு மடங்கு” என்று தலையைக் குனிந்து கொண்டார். விலை உயர்ந்த பேட் ஏன் பிடிக்கவில்லை? இதற்கு விடை காண, பிரேக் செய்யும் வேலையை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுவே டிஸ்க். அதன் இருபுறமும் இரண்டு பேட்டுகள் இருக்கின்றன. நாம் மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேட்டுகளைத் தட்டின் மேல் அழுத்துகிறது. உராய்வினால் கார் நிற்கிறது. அப்படியானால் காரின் வேகம் எங்கே போயிற்று? அது அழிந்து விடவில்லை. வெப்பமாக மாறி விட்டது. பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 116 கிலோஜூல். அதே கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் வெப்பம் இரு மடங்கு ஆகும் என்று எண்ணாதீர்கள். நான்கு மடங்கு, அதாவது 463 கிலோஜூல் ஆகிறது. ஒன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். ஒரே ஒரு முறை பிரேக் மிதித்ததன் விளைவு இது! கெந்திங் போன்ற மலையிலிருந்து 1000 மீட்டர் உயரம் இறங்கினால், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு ஆற்றல் வெளிப்படும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் இயந்திரமும் ஏற்றுக் கொள்கின்றன. மீதி முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். மலையில் இறங்கும்போது கியரைக் குறைத்து ஓட்டுங்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்திருப்பதன் காரணம் இதுவே.

பேட்டில் பல வகை உண்டு. சாதாரணக் கார்களில் வரும் பேட், நார்ப் பொருள்களைப் பிசினோடு கலந்து செய்தது. அது குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், சத்தமும் குறைவு. ஆனால் மிகவும் சூடேறினால் பிடிப்புக் குறையும். உலோகத் தூள் அதிகம் கலந்த பேட் கூடுதல் சூட்டைத் தாங்கும். ஆனால் தூசியும் சத்தமும் அதிகம். டிஸ்க்கையும் விரைவில் தேய்க்கும். பந்தயப் பேட்டின் இயல்பே வேறு. அவற்றுள் பல, நூறு டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுமையாகப் பிடிக்கத் தொடங்கும். பந்தயத் திடலில் வளைவுக்கு வளைவு மிதித்துக் கொண்டே இருப்பதால் அந்தச் சூடு தானாகவே வந்து விடுகிறது. மழைத் தூறலில், வீட்டிலிருந்து முச்சந்தி வரை மெதுவாக வந்த காரில் அந்தச் சூடு எப்படி வரும்? நம் மாணவர் செய்த முதல் தவறு இதுதான். பேட் மட்டமானதன்று, அவருடைய ஓட்டத்துக்குப் பொருந்தாதது.

பல பேட்டுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பையும், இரண்டாம் எழுத்து அதிகச் சூட்டில் உள்ள பிடிப்பையும் காட்டும். ‘இ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. அன்றாடம் ஓடும் காருக்கு ‘எஃப் எஃப்’ என்பது நல்ல தேர்வு. இன்னொன்றையும் மறந்து விடக்கூடாது. காரை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புத்தான். டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் எந்த விலையுள்ள பேட்டும் காப்பாற்றாது.

இனி மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. பழக்கமில்லாதவர்கள் பட்டறைக்குக் கொண்டு போவதே நன்று. கைப்பழக்கம் உள்ளவர்களும் சிலவற்றை மறக்கக் கூடாது. ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை வைக்காதீர்கள். தாங்கு கட்டை வைத்துக் கொள்ளுங்கள். இடப்பக்கம் மாற்றினால் வலப்பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையேல் பிரேக் மிதிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். பேட்டின் முகத்திலும் டிஸ்க்கிலும் எண்ணெயோ கிரீசோ படக்கூடாது. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அதைச் சுவாசிப்பது உடம்புக்குத் தீங்கு. டிஸ்க் மெலிந்து போயிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எந்தக் கனத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. புதிய பேட் கனமாக இருப்பதால், மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளி விடுகிறோம். ஆகவே வேலை முடிந்ததும் முதல் மிதி நேரே தரை வரை இறங்கி விடும். பிரேக்கே இல்லாதது போல் இருக்கும். இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்பே, மிதி கெட்டியாகும் வரை பல முறை மிதித்து விட வேண்டும். இதை மறந்து காரைப் பின்னுக்கு எடுத்துச் சுவரில் மோதியவர்கள் உண்டு. அந்த இடத்தில் சுவருக்குப் பதிலாக ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது பழக்கும் முறைக்கு வருவோம். புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றையொன்று முழுமையாகத் தொடுவதில்லை. மேடு பள்ளங்கள் மட்டுமே உரசுகின்றன. பழக்கும்போது இரண்டு நன்மைகள் நடக்கின்றன. ஒன்று, மேடுகள் தேய்ந்து முகத்தோடு முகம் பொருந்துகிறது. மற்றொன்று, பேட்டின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிகிறது. தோசைக்கல்லின் கரும்படலத்தைப் போன்றதே இது. இந்தப் படலம் படிந்த பிறகே பிரேக் தன் முழு வலிமையையும் தரும்.

இதற்கு வாகனம் குறைந்த, நேரான, காய்ந்த தார்ச் சாலை வேண்டும். விடியற்காலை நல்ல நேரம். பிள்ளைகள் நடமாடும் தோட்டத்துச் சாலை வேண்டவே வேண்டாம். முதலில் மெதுவாக ஓட்டி, பிரேக் வேலை செய்கிறதா என்று இரண்டு மூன்று தடவை சோதித்துக் கொள்ளுங்கள். பிறகு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 15 வரை, நடுத்தரமாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள். முழுவதும் நிறுத்தாதீர்கள். மறுபடியும் 60-க்கு ஏறி, அரை நிமிடம் போல் ஓட்டி, திரும்பவும் குறையுங்கள். இப்படி 8 முதல் 10 தடவை. அடுத்து 80-லிருந்து 20 வரை சற்று உறுதியாக 3 அல்லது 4 தடவை. சக்கரம் பூட்டிக் கொள்ளும்படி மிதிக்கக் கூடாது. கொஞ்சம் வாடை வரலாம், அஞ்ச வேண்டாம். ஆனால் மிதி மெத்தென்று ஆனால் உடனே நிறுத்தி விட்டுப் பட்டறைக்காரரைக் கேளுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் இயன்றவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டி ஆற விடுங்கள். பேட் வந்த பெட்டியிலுள்ள தாளில் வேறு கணக்குக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். செய்தவருக்குத்தான் அதன் இயல்பு தெரியும்.

சூடாக இருக்கும்போது காரை நிறுத்தி மிதியை அழுத்திக் கொண்டே இருக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறோம்? அந்த ஓர் இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக் கொள்ளும். பின்னர் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டியரிங் நடுங்கும். பலர் டிஸ்க் கோணி விட்டது என்று எண்ணிப் பணம் செலவழிக்கிறார்கள். பல நேரங்களில் கோளாறு இந்தத் திட்டுத்தான்.

பிரேக் எண்ணெயையும் மறக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ‘டாட் 4’ வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 டிகிரிக்கும் இறங்கி விடலாம். எண்ணெய் கொதித்தால் குமிழி உண்டாகும். மிதி தரை வரை இறங்கும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவது நன்று.

கார் இல்லாத வீட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதன் முன் சக்கர டிஸ்க்குக்கும் இதே விதிதான். புதிய பேட் போட்ட முதல் சில நாட்கள் முன்னால் போகும் வாகனத்துக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, மெல்ல மெல்ல மிதமாகப் பிடித்துப் பழக்குங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதற்கு முன்பே இதைச் செய்து முடியுங்கள்.

நம் மாணவர் அந்தப் பந்தயப் பேட்டுகளைக் கழற்றி விட்டார். சாலை ஓட்டத்துக்கு உரிய பேட்டுகளைப் பட்டறையில் மாட்டி, எண்ணெயையும் மாற்றினார். ஒரு ஞாயிறு விடியற்காலை நாமும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு தடவையையும் தாளில் குறித்துக் கொண்டோம். அடுத்த வாரம் அவருடைய தாயார் அதே காரில் கோயிலுக்குப் போனார். முச்சந்தி வந்ததும் முன் இருக்கையை இறுகப் பிடித்துக் கொண்டாராம். கார் கோட்டுக்கு முன்பே நின்றது.

பணம் கொடுத்து வாங்கும் பொருள் எதுவானாலும், அதன் இயல்பை அறிந்து பழக்கிய பிறகே அது நமக்கு உதவும். பிரேக்கில் இந்தப் பொறுமை ஓர் உயிரின் விலைக்குச் சமம்.