பீடி சுற்றுவோரின் தேக சௌக்கியம்

மழை பொய்க்குங் காலங்களில் கமுதி வட்டாரத்துக் குடிகள் வீட்டிலிருந்தே செய்யத்தக்க உபதொழிலொன்றை நாடுவது இயல்பு. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பல்லாயிரம் பெண்டிர்க்கு அத்தகைய தொழிலாய் அமைந்திருப்பது பீடி சுற்றுதலாகும். இதில் கிடைக்குங் கூலியை மட்டும் எண்ணித் தேகத்துக்கு நேரும் நஷ்டத்தை எண்ணாதிருத்தல், வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்கை ஒக்கும்.

புகையிலையின் தீங்கு புகைப்போரை மாத்திரமே சாரும் என்பது தவறான எண்ணம். நனைத்த இலையில் தூளை வைத்து நாளெல்லாம் உருட்டுகையில், நிகோடின் என்னும் நஞ்சு விரல்களின் தோல் வழியே உட்செல்கிறது. நுண்ணிய தூள் மூச்சோடு கலக்கிறது. ஒருநாளும் புகைத்தறியாத தொழிலாளரின் சிறுநீரிலும் இந்நஞ்சின் கூறு காணப்பட்டிருக்கிறது. தலைவலி, குமட்டல், இருமல், இளைப்பு, கண்ணெரிச்சல் ஆகியவை இதனால் விளைவன. கர்ப்பிணிகளின் உடலிற் சேரும் நிகோடின் கருவையுஞ் சென்றடையும். ஆயிரம் பீடி சுற்றி முடிக்கும்வரை குனிந்தே அமர்ந்திருப்பதால் கழுத்தும் முதுகும் நோகின்றன. சமைத்து உண்டு உறங்கும் அறையிலேயே தூள் பரவுமாயின், குழந்தைகளும் அதையே சுவாசிக்கின்றனர்.

1966-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், தொழிற்கூடங்களில் சுத்தமும் காற்றோட்டமும் இருத்தல் வேண்டுமென விதித்தது. ஆனால் வேலை வீட்டுத் திண்ணையில் நடக்கும்போது அவற்றைக் கவனிப்பார் யார்? தனித்துச் சுற்றும் ஒரு பெண், இலையுந் தூளும் தரும் ஏஜெண்டிடம் இவற்றைக் கேட்டுப் பெறுவது அரிது.

பலர் கூடினால் நிலைமை மாறும் என்பதற்குக் கேரளத்துக் கண்ணூர் சான்று பகர்கிறது. அங்கே 1968-இல் பீடி முதலாளிகள் தொழிற்கூடங்களை மூடவே, ஏறக்குறைய 12,000 தொழிலாளர் வேலையிழந்தனர். 1969-இல் அரசாங்க உதவியோடு கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பொதுக் கூடங்களில் வேலை நடந்தமையால் தூள் வீட்டினுள் புகவில்லை. விடுமுறையும் சேமநிதியும் கிடைத்தன. தூளின் தீங்கு அங்கும் அறவே ஒழிந்திலது. பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது மசாலைப் பொடி, குடை, ஆயத்த ஆடை முதலிய தொழில்களிலும் அச்சங்கம் இறங்கிற்று.

பீடி சுற்றும் குடும்பத்தார் கைக்கொள்ள வேண்டியவை:

1. சுற்றுமிடம் சமையலிடத்தினின்று பிரிந்து, காற்றோட்டமாய் இருத்தல் வேண்டும்.
2. வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுதல் நலம்.
3. உண்ணுமுன்னும் குழந்தையைத் தூக்குமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுக.
4. சிந்திய தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க.
5. மணிக்கொருமுறை எழுந்து சிறிது நடக்க.
6. சிறுவரை இவ்வேலையில் அமர்த்தலாகாது.

இவை தீங்கைக் குறைப்பனவேயன்றி ஒழிப்பனவல்ல. ஆதலின் சங்க அங்கத்தினர்கள் பொதுக் கொட்டகை ஒன்றை அமைப்பதோடு, இவ்வட்டாரத்தில் மலிந்துள்ள பனையைக் கொண்டு ஓலைப் பொருள் முடைதல் போன்ற தீங்கற்ற தொழிலுக்கும் வழி தேடுவாராக. தேகமே ஏழையின் மூலதனம். அதைக் காப்பதும் சங்கத்தின் கடமையேயாம்.