கப்பலேறிய உறை

என் தம்பியின் வாழ்க்கையில் ஒரு முழு வருடத்தைக் கடல் காற்று தின்றது. 1990-இல் அவன் தமிழ்நாட்டில் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்ற ஆசையில், பேராசிரியர்கள் மூன்று பேரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கியிருந்தான். ஒவ்வொன்றும் ஒட்டிய உறை. ஒட்டிய மடிப்பின் மேல் பேராசிரியரின் கையெழுத்து, அதன் மேல் கல்லூரி முத்திரை. பிரிக்கப்படாத உறையாகப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் மதிப்பார்கள். அப்பாவின் கையெழுத்தும் சம்பளச் சான்றும் வங்கிக் கணக்குச் சான்றும் வேண்டியிருந்ததால், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அனுப்பலாம் என்று அவற்றை எடுத்துக்கொண்டு அந்தமானில் எங்கள் வீடு இருந்த போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினான்.

பங்க் கிளாஸில் மூன்று நாள் பயணம். மழைக்காலம் விட்டும் விடாத வங்கக் கடல். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால், மூன்று உறைகளில் இரண்டு ஈரக் காற்றில் பசை விட்டுத் தானாகவே வாய் திறந்து கிடந்தன. அவன் முகம் போன போக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அம்மா சோற்றுப் பருக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள், ஒட்டிவிடலாம் என்று. அவன் வேண்டாம் என்று தடுத்துவிட்டான். முத்திரை பாதியாகப் பிரிந்த உறையை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். உறைகள் திரும்பவும் கப்பலேறி, பேராசிரியர் ஊரில் இல்லாமல் காத்திருந்து, புதுக் கடிதம் வந்து சேர்ந்தபோது கெடு முடிந்திருந்தது. அடுத்த வருடம்தான் போனான். அதுவும் ஒரு பல்கலைக்கழகம் உதவி ஆசிரியப் பணியும் கட்டண விலக்கும் சேர்த்துக் கொடுத்ததால்.

அன்றைக்குத் தீவுப் பிள்ளைக்கு அமெரிக்கா என்பது இரண்டு கடல் தாண்டிய ஊர். முதல் கடலைத் தாண்டி மெயின்லேண்டு போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால், தீவு நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிய இடங்களில் ஒன்று ஏதாவது மாநிலத்துக் கல்லூரியில் கிடைக்கும். அங்கே போய் நாலு வருடம் படித்து, கூடப் படிக்கிறவர்கள் பேசக் கேட்ட பிறகுதான் இரண்டாவது கடலைப் பற்றிய யோசனையே வரும். உள்ளூரிலேயே படித்தவர்களுக்கு இன்னும் சிரமம். 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தால் பட்டம் தருவது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். மதிப்பெண் சான்றின் முத்திரையிட்ட பிரதி வேண்டுமென்றால் அது இருக்கும் காலாப்பட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகும், மூன்று வருடப் பட்டம் போதாது, இன்னொரு வருடம் படித்துவிட்டு வா என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்லிவிடும்.

தகவல் என்பது மெட்ராஸில் இருந்தது. அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம். அங்கே இந்திய-அமெரிக்கக் கல்வி அறக்கட்டளையின் அலுவலகம் இருந்தது. தலையணை கனத்தில் கல்லூரி விவரப் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். தம்பி நாலு சனிக்கிழமை பஸ்ஸில் போய், நோட்டுப் புத்தகத்தில் பல்கலைக்கழகங்களின் முகவரிகளைக் கையால் எழுதிக்கொண்டு வந்தான். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு முகவரிக்கும் ஏரோகிராம் போட்டு விண்ணப்பப் படிவம் கேட்க வேண்டும். படிவம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். டோஃபல், ஜிஆர்இ இரண்டும் அப்போது தாளில் பென்சிலால் வட்டம் நிரப்பும் தேர்வுகள். வருடத்தில் சில நாட்கள்தான் நடக்கும். விண்ணப்பக் கட்டணத்துக்கு வங்கியில் டாலர் டிராஃப்ட் எடுக்க வேண்டும். டாலர் பதினேழு பதினெட்டு ரூபாயாக இருந்த காலம் அது. ஐம்பது டாலர் கட்டணம் என்றால் தொள்ளாயிரம் ரூபாய். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த அப்பா மூன்று பல்கலைக்கழகங்களுக்கு மேல் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கே அம்மாவின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போயிற்று.

நடுவில் என்னென்னவோ நடந்தன. ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நிக்கோபார் தீவுகளில் உயிரும் வீடும் போனதோடு காகிதங்களும் போயின. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேறிய கச்சால் தீவிலிருந்து, மாற்றுத் துணிகூட இல்லாமல் பிள்ளைகள் எங்கள் ஊர் முகாமுக்கு வந்தார்கள். ஒரு பையன் என்னிடம், "டீச்சர், நான் டென்த் பாஸ் பண்ணினதுக்கு என்கிட்ட ஒரு அத்தாட்சியும் இல்ல" என்றான். அவன் அழவில்லை. அதைக் கேட்ட எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இன்று சிபிஎஸ்இ மதிப்பெண் சான்றுகள் டிஜிலாக்கரில் இருக்கின்றன. கடல் வந்தாலும் அழியாது. கணினி, இணையம் என்று பேசும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருவது அந்தப் பையன்தான்.

இணையம் என்ற பெயரில் ஒன்று தீவில் இருந்ததே தவிர, 2020 வரை அது செயற்கைக்கோளை நம்பித்தான் ஓடியது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். கணினிக் கோப்பு ஒன்றை ஏற்ற வேண்டுமென்றால், ஊர் உறங்கிய பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார வேண்டும். அந்த வருடம் ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்கடியில் போட்ட ஃபைபர் கேபிளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அது போர்ட் பிளேரோடு நிற்கவில்லை. ரங்கத், லாங் ஐலண்ட், ஹேவ்லாக், ஹட்பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே வரை போனது. தம்பியின் உறைகள் மூன்று நாள் ஈரத்தில் ஊறிய அதே கடலின் அடியில் இன்று பரிந்துரைக் கடிதம் ஒரு நொடியில் போய்ச் சேர்கிறது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவுக்கு ஜங்கிலிகாட்டில் மீன் வியாபாரம். பட்டப் படிப்புக்கே நேராக அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு முதலில் நம்பிக்கையில்லை, உண்மையைச் சொல்கிறேன். மெயின்லேண்டு போகாமல் அமெரிக்காவா என்று தோன்றியது. அவள் தன் போனில் காமன் ஆப் என்ற தளத்தைத் திறந்து காட்டினாள். ஒரே படிவம், இருபது கல்லூரிகள் வரை போடலாம். முகவரி எழுத நோட்டுப் புத்தகம் வேண்டாம், டிராஃப்ட் வேண்டாம். கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தையே தள்ளுபடி செய்கிற கல்லூரிகள் நிறைய இருக்கின்றன.

ஆனால் தடங்கல் எங்கே வந்தது தெரியுமா? அவள் படித்த பள்ளியின் அலமாரியில். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாலு வருட மதிப்பெண்களையும் கேட்கின்றன. பத்தும் பன்னிரண்டும் போர்டு தேர்வு, சான்று இருக்கும். ஒன்பதும் பதினொன்றும் பள்ளியின் மார்க் ரெஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கும். "டீச்சர், நைன்த் மார்க் வேணுமாம்" என்று அவள் வந்து நின்றபோது, அந்த ரெஜிஸ்டரைத் தேடி எடுக்கவே நான்கு நாள் ஆனது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. நல்ல வேளை, அவள் பெயர் இருந்த பக்கம் தப்பியிருந்தது.

அடுத்தது, கவுன்சிலர் என்று ஒருவர் பள்ளி சார்பில் அறிக்கை கொடுக்க வேண்டும். நம் பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லை. தலைமை ஆசிரியர்தான் அதை நிரப்ப வேண்டும். அவரிடம் பள்ளியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இல்லை, சொந்த ஜிமெயில்தான். இது யாரோ போலியாக எழுதியது என்று அந்தப் பக்கம் சந்தேகப்படாதா? லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்து, ஸ்கேன் செய்து இணைத்தோம். அதிலும் ஒரு சிக்கல். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. புது லெட்டர்ஹெட்டில் புதுப் பெயர், பிறப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் போர்ட் பிளேர். இரண்டும் ஒரே ஊர்தான் என்று கூடுதல் விவரப் பகுதியில் இரண்டு வரி எழுதினாள்.

பரிந்துரைப் படிவத்தில் ஆசிரியர் டிக் செய்ய ஒரு கட்டம் உண்டு. இந்தப் பிள்ளை வகுப்பின் முதல் பத்து சதவீதமா, ஐந்து சதவீதமா, அல்லது உங்கள் பணிக்காலத்திலேயே நீங்கள் சந்தித்த மிகச் சிலரில் ஒருவரா என்று கேட்கிறார்கள். அவளுக்குப் பாடம் எடுத்த இளம் ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், என்ன போடுவது என்று. நெஞ்சைத் தொட்டுப் பார்த்து உள்ளதைப் போடம்மா என்றேன். எல்லாப் பிள்ளைக்கும் உச்சத்தில் டிக் போட்டால், நிஜமாகவே உச்சத்தில் இருக்கும் பிள்ளைக்குத்தான் துரோகம்.

விண்ணப்பக் கட்டுரை 650 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. முதலில் அவள் எழுதிக்கொண்டு வந்தது, சின்ன வயதிலிருந்தே விஞ்ஞானி ஆக வேண்டும் என்று கனவு கண்டேன் என்கிற வகை. படித்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிற?" என்று கேட்டேன். நாலரைக்கு என்றாள். நம் தீவில் ஐந்து மணிக்கே பொழுது விடிந்துவிடும். அப்பாவோடு ஜெட்டிக்குப் போவாளாம். டுங்கிப் படகுகள் கரை சேரும்போது எந்த மீன் எவ்வளவு, என்ன விலை என்று மூன்று வருடமாக ஒரு டைரியில் குறித்து வருகிறாள், அப்பா கணக்கு மறந்துவிடுவார் என்பதற்காக. அதில் சில மீன்கள் எந்த மாதத்தில் குறைகின்றன என்று தனியாக ஒரு அட்டவணையும் போட்டிருந்தாள். "இதை எழுதாம வேற என்னத்தை எழுதின?" என்றேன். இதெல்லாம் ஒரு விஷயமா டீச்சர் என்றாள்.

இதுதான் நம் பிள்ளைகளின் பிரச்சினை. பவளப்பாறை, சதுப்புக்காடு, சுனாமிக்குப் பிறகு கடலுக்குள் தாழ்ந்துபோன கரை, ஒரே தெருவில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் பேசி வளர்வது, இவையெல்லாம் வெளியூர்ப் பிள்ளைக்குக் கிடைக்காதவை. தீவுப் பிள்ளை அவற்றைச் சொல்லக் கூசுகிறது.

ஆங்கிலத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதினாள். டீசல் ஜெனரேட்டர் மின்சாரத்தை நம்ப முடியாது என்று பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரை அன்று மட்டும் கடன் வாங்கி வைத்தோம். சாட் (SAT) என்ற சேர்க்கைத் தேர்வுக்குச் சென்னைக்கு விமானத்தில் போய் வந்தாள்.

பணம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் மலைதான். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. மீன் வியாபாரியின் மகள் அதை எங்கே போய்க் கட்டுவாள்? ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், பௌடன் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையே பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்கிறார்கள். எடுத்துக்கொண்டால் குடும்பத்தால் முடியாத பணம் முழுவதையும் அவர்களே தருகிறார்கள். மற்றப் பல கல்லூரிகளில் உதவி கேட்டால் வாய்ப்பு குறையும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் ஏஜென்ட்டுகளிடம் லட்சக்கணக்கில் கொடுத்து, கடனில் விழும்படியான கல்லூரியில் சேர்கிறார்கள். அவள் ஒன்பது இடத்துக்குப் போட்டாள். ஏழு இடத்தில் இல்லை என்றார்கள். ஒன்றில் இடம் உண்டு, பணம் இல்லை. ஒரே ஒரு சிறிய கல்லூரியிலிருந்து பணத்தோடு சேர்த்து அழைப்பு வந்தது.

விசாவுக்கு இன்னமும் ஜெமினிதான். அந்தமானும் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். சேவிஸ் என்கிற மாணவர் பதிவுக்கு 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்கு நாள் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, ஜூனில் திரும்பத் தொடங்கினார்கள். சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற புது விதியோடு. அந்த மூன்று வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே தெரியவில்லை. கடைசியில் ஜூலையில் நாள் கிடைத்தது. போய்ச் சேர்ந்தாள்.

2023-24-இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறு எந்த நாட்டையும்விட அதிகம். அதில் நம் தீவிலிருந்து நேராகப் போனவர்கள் என்று கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அறிவில் குறைந்தவர்கள் இல்லை நம் பிள்ளைகள். கப்பலும் தபாலும் தடுத்தது போய், கேபிளும் வந்துவிட்டது. வராதது, ஒன்பதாம் வகுப்பிலேயே பக்கத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லும் ஆள்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது, பதினொன்று ரெஜிஸ்டர்களை இந்த விடுமுறையில் ஸ்கேன் செய்து வையுங்கள். பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். ஏற்கெனவே கடல் தாண்டிப் போன தீவுப் பிள்ளைகளே, மாதம் ஒரு மாலை உங்கள் பழைய வகுப்போடு வீடியோ காலில் பேசுங்கள். இப்போது லைன் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோரே, இந்த வருட மார்க் ஷீட்டை மடிக்காமல், ஈரம் படாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.