சர்வர் கண்காணிப்பும் மென்பொருள் புதுப்பித்தலும்

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள கழக்கூட்டத்தில், கேரள அரசு 1990-ஆம் ஆண்டில் டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்காவை நிறுவியது. நாட்டில் இவ்வகையில் முதலாவதான இப்பூங்கா, கே.பி.பி. நம்பியாரின் முயற்சியால் உருப்பெற்று, 1995 நவம்பரில் அப்போதைய பிரதமர் பி.வி. நரசிம்மராவ் அவர்களால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மாநில அரசின் இரண்டாவது தரவு மையமும் இங்குள்ள தேஜஸ்வினி கட்டடத்தில் அமைந்திருக்கிறது. அரசுத் துறைகளின் மென்பொருள்கள் இயங்குவது இத்தகைய மையங்களிலுள்ள சர்வர்களில்தான். இவற்றை வாங்கிய செலவு ஏடுகளில் தெளிவாகத் தெரிகிறது. பழுதின்றி வைத்திருப்பதற்கு ஆகும் உழைப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

சர்வர் ஒன்றின் வெப்பநிலை, விசிறியின் வேகம், நினைவகப் பயன்பாடு, வட்டில் எஞ்சியுள்ள இடம் முதலியவற்றை இடையறாது அளந்து, வரம்பு மீறியதும் எச்சரிக்கை எழுப்புவது கண்காணிப்பு மென்பொருளின் பணி. இயக்க மென்பொருளுக்கும் கருவிகளுக்கும் இடையே நின்று பேசும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர்கள் பெரும்பாலும் இயக்க மென்பொருளின் மையப்பகுதியிலேயே இயங்குவதால், அவற்றில் நேரும் பிழை கணிப்பொறி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். வலையமைப்பு அட்டையின் டிரைவர், தான் பெற்ற நினைவகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தராமல் விடுகிறது என்று கொள்வோம். கண்காணிப்பு வரைபடத்தில் நாள்தோறும் ஒரு கோடு மெல்ல ஏறும். சில வாரங்களில் சர்வர் நின்றுவிடும். அணைத்து மீண்டும் இயக்கினால் தற்காலிகமாகச் சரியாகும். திருத்தப்பட்ட டிரைவரை நிறுவினாலன்றிக் கோடு ஏறுவது நிற்காது. வெப்பநிலை போன்ற அளவுகளும் டிரைவர் வழியாகவே பெறப்படுவதால், டிரைவர் பிழையானால் கண்காணிப்பின் எச்சரிக்கையும் பொய்க்கும் என்பதை அலுவலர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

புதுப்பிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதைக் கேரளம் 2017-இல் கண்டது. விண்டோஸ் கோப்புப் பகிர்வை நடத்தும் டிரைவரில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-இலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. மே 12-இல் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியே உலகெங்கும் பரவியது. வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் பூட்டப்பட்டு, திறந்துவிட 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்கப்பட்டது. இடையில் கிடைத்த கால அவகாசம் ஏறத்தாழ இரண்டு மாதம்!

இதற்கு நேர்மாறான சான்று 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குத் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு தரவுக்கோப்பை அனுப்பியது. நிறுவனத்தின் டிரைவர் 20 உள்ளீடுகளையே பெற்றிருக்க, புதிய கோப்போ 21-ஆவதைத் தேடச் செய்தது. இல்லாத இடத்தை வாசிக்க முயன்ற டிரைவர் இயக்க மென்பொருளையும் வீழ்த்திற்று. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டும், சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. நம் விமான நிலையங்களில் பயண அட்டைகள் கையால் எழுதித் தரப்பட்டன. வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுமாகப் பத்தில் மட்டுமே சிறு இடையூறு நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. விழுந்த கணிப்பொறிகளிற் பலவற்றை ஊழியர் ஒவ்வொன்றாக அணுகி, பாதுகாப்பு முறையில் இயக்கி, அக்கோப்பை நீக்கவேண்டியதாயிற்று.

ஆகவே புதுப்பித்தலில் தாமதமும் ஆகாது, கண்மூடித்தனமும் ஆகாது. தேர்ந்த நிர்வாகிகள் முதலில் சோதனை சர்வரிலும், பின்னர் சிலவற்றிலும், சில நாள் கண்காணிப்புக்குப் பின் எஞ்சியவற்றிலும் திருத்தத்தை நிறுவுகின்றனர். பழைய டிரைவரையும் தரவின் நகலையும் கைவசம் வைத்துக்கொள்கின்றனர். சோதனை சர்வருக்கும் இரவுப்பணி ஊழியருக்கும் பணம் வேண்டும். மூலதனச் செலவுக்கு அடிக்கல் நாட்டுவிழா உண்டு. பராமரிப்புக்கு அவ்விழா இல்லை. ஆதலால் சிக்கனம் என்றவுடன் முதலில் கத்தரிக்கப்படுவது பெரும்பாலும் இந்த இனமே. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, இத்தகைய தரவுக்கோப்புகளையும் படிப்படியாக வெளியிடும் முறையை மேற்கொண்டு, எப்போது பெறுவது என்னும் உரிமையை வாடிக்கையாளரிடம் அளித்தது.